குட்டி ரயிலில் உன்னோடு இருந்தவள்

ரியாஸ்,

ஷமீனா கேட்டதற்கெல்லாம் போனிலேயே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. பாதி சொல்வதற்குள் உங்கள் சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். மீதியைச் சொல்லலாம் என்றால் கடையில் ஆள் வந்து நிற்கிறது. அதுவுமில்லாமல் நான் சொல்ல வேண்டியதில் ஒரு பங்கு போனில் சொல்லக்கூடியது அல்ல. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டும் என்னால் அதைச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். அவசரப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

காலாண்டு விடுமுறைக்குக் குன்னூரிலிருந்து காரில் கிளம்பி, சென்னையில் ஒரு நாள் பெரிய விளையாட்டுப் பூங்கா, மறுநாள் சுற்றுலாக் கப்பல் என்று நீ திட்டம் சொன்னபோது உன் குரலில் சின்னப் பிள்ளையின் துள்ளல் இருந்தது. அத்தா இறந்த பிறகு அம்மா மலையைவிட்டு இறங்கவே இல்லை என்று உனக்கு ஒரு குறை. என்னைக் கேட்காமலே எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாய். நான் வரவில்லை என்றதும், "அம்மாவுக்குக் கடலப் பாத்தா பயம்" என்று ஷமீனாவிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் ஆமாம் என்று இருந்துவிட்டேன். கடலைப் பார்த்தெல்லாம் எனக்குப் பயமில்லை. பயம் வேறு. அதைச் சொல்கிறேன். அதற்கு முன் ஷமீனா கேட்டவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துபோகும்.

நான் கப்பலில் ஏறியதில்லை. ஆனால் சீசனில் ஸ்வெட்டர் வாங்க வருகிறவர்கள் ஸ்வெட்டரைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்? போய் வந்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை முதலிலேயே வாங்கிக்கொள்வார்களாம், அவை அறைக்கு வந்துசேர நேரமாகுமாம். அதனால் பிள்ளைகளின் மருந்து, மாற்றுத் துணி, நீச்சல் உடை எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். அறை எடுக்கும்போது மேல்மாடியில் வேடிக்கை பார்க்கலாம் என்று ஆசைப்படாதே. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவாக இருந்தால் ஆட்டம் குறைவு. சின்ன வயதில் பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் நீ வாந்தி எடுத்துக்கொண்டே வருவாய். அத்தா உன் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "பக்கத்துல இருக்கற பாறையப் பாக்காத, தூரத்துல இருக்கற மலையப் பாரு" என்பார். கடலிலும் அதே வைத்தியம்தானாம், தொடுவானத்தையே பார்க்க வேண்டும். இஞ்சி மிட்டாய் நான் கட்டித் தருகிறேன். அறைக்கு வெளியே பால்கனி இருந்தால் அங்கிருக்கும் நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் போட்டுவைக்காதே, உன் பெரியவள் ஹனா ஏறுவாள். கப்பலுக்குள் குளிர் நம் ஊர் மார்கழிபோல இருக்குமாம், ஏசியை அப்படி வைத்திருப்பார்களாம். இன்னொன்று, இது மலைக்காரி சொல்வது. கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளாவது சென்னையில் இருக்க வேண்டும். ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் மேட்டுப்பாளையம் சாலையில் எந்த இடத்தில் மரம் விழும், எங்கே மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. கப்பல் நமக்காகக் காத்திருக்காது.

பூங்காவைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு ஆள் தேவையில்லை. ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், அதுவே போதும். காலையில் கிளம்பும்போது அன்றைக்குப் போட்டிருக்கும் துணியோடு பிள்ளைகளை ஒரு படம் எடுத்துக்கொள். தொலைந்த பிள்ளை என்ன நிறச் சட்டை என்று கேட்டால் பெற்றவளுக்கு அந்த நேரம் நினைவு வராது. ஹனாவின் கையில் உன் போன் நம்பரை அழியாத மையில் எழுது. உன் முழுப்பெயரையும் அவளுக்குச் சொல்லிக்கொடு, "அத்தா" என்ற பெயரில் எந்த ஒலிபெருக்கியும் யாரையும் கூப்பிட முடியாது. காணாமல் போனால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில் என்று பழக்கு. மாற்றுத் துணியை வாசல் பக்கத்து லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதே, தோளிலேயே மாட்டிக்கொள். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த நேரம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். "இப்ப நான் பாக்கறேன்", "இப்ப நீ பாரு" என்று. மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது.

உன் அத்தா நீ என்னோடு இருப்பதாக நினைத்தார். நான் நீ அத்தாவோடு இருப்பதாக நினைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

உனக்கு அப்போது ஐந்து வயது, இப்போது ஹனாவுக்கு ஆகும் வயது. சீசன் முடிந்து கடையில் கூட்டம் வடிந்திருந்தது. வருடம் முழுக்க ஊரார் பிள்ளைகள் சுற்றுலா வருவதையே பார்க்கிறான், நம் பிள்ளையை நாம் எங்கே கூட்டிப்போயிருக்கிறோம் என்று அத்தாதான் சொன்னார். சமவெளியில் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. அலை எழும் குளத்தில் நாம் மூவரும் இறங்கினோம். சைரன் ஊதியதும் அலை வந்தது, கூட்டம் கத்தியது, எல்லோரும் எல்லோர்மேலும் விழுந்தோம். அலை ஓய்ந்தபோது அத்தா கரையில் இருந்தார். நான் குளத்தில் இருந்தேன். நீ இல்லை.

முதலில் தண்ணீருக்குள்தான் தேடினேன். அதை எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். காவலாள்கள் குளத்தைக் காலி செய்து பார்த்துவிட்டு, உள்ளே யாரும் இல்லை அம்மா, வெளியே எங்காவது போயிருப்பான் என்றார்கள். பிறகு ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள். ஒரு முறை, சற்று நேரம் கழித்து இன்னொரு முறை, அப்புறம் மறுபடியும். ஈரத்துணியோடு நான் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். சில தாய்மார்கள் என்னைத் திட்டினார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது ஒருவர் ஓடிவந்து, அலுவலகத்தில் ஒரு பையன் இருக்கிறான் என்றார்.

நீ ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்திருந்தாய். தலை வாரி, வகிடு எடுத்திருந்தது. உனக்கு நாங்கள் ஒருநாளும் வகிடு எடுத்ததில்லை. போட்டிருந்தது உன் சட்டை அல்ல. இஸ்திரி போட்ட நீலக் கட்டம்போட்ட சட்டை, உனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. உதட்டோரம் திராட்சை ஜூஸின் கறை. நீ அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஓடிவரவும் இல்லை. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் தலைகுனிந்து நின்றார். நான் உன்னை அவள் மடியிலிருந்து பிடுங்கினேன். "யாருடி நீ? எம்புள்ளைக்கு எதுக்குடி சட்ட மாத்துன?" என்று கத்தினேன். அவள் கையில் ஒரு துண்டு இருந்தது. அதை என்னிடம் நீட்டி, "தல இன்னும் காயலீங்க. தொவட்டி உடுங்க, சளி புடிச்சுக்கும்" என்றாள்.  அத்தா அவர்களுக்கு நன்றி சொல்லித் திரும்புவதற்குள் இருவரும் வெளியேறிவிட்டார்கள். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது.

பஸ்ஸில் மலை ஏறும்போது நீ என்னிடம் கேட்டாய், "அந்த அம்மா எப்ப நம்ம ஊட்டுக்கு வருவாங்க?" வீட்டுக்கு வந்தும் அந்தச் சட்டையைக் கழற்ற விடவில்லை. ரியாஸ் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். என்னடா என்று அதட்டினால், "அவங்க எனக்குக் கார்த்தின்னு பேரு வெச்சிருக்காங்க" என்றாய்.  யார் அந்தக் கார்த்தி? பிள்ளையில்லாமல் பூங்காவுக்கு வந்தவர்கள் பையில் ஐந்து வயதுப் பிள்ளையின் சட்டை எப்படி இருந்தது? அந்தப் பிள்ளை எங்கே? இதையெல்லாம் யோசிக்க யோசிக்க எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் பயம் கூடியது. நீ தனியாக விளையாடிக்கொண்டே பேசினால் கதவோரம் நின்று யாரோடு பேசுகிறாய் என்று ஒட்டுக்கேட்பேன். காய்ச்சல் வந்தால் அவள் உன்னைக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைப்பேன். குர்ஆன் ஓதி உன்மேல் ஊதினேன். சட்டையைத் துவைத்து, மடித்து, பீரோவின் அடியில் வைத்தேன். எரிக்கவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் துணிவில்லை.

பிள்ளைகள் மறப்பார்கள். நீயும் மறந்தாய், ஆனால் முழுதாக மறக்கவில்லை. இதைத்தான் எழுத வந்தேன், ரியாஸ். உனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னாய்: "அந்தப் பார்க்ல அம்மா என்ன மடியில வெச்சுக்கிட்டு குட்டி ரயில்ல சுத்துச்சு. இறங்கவே உடல. திராட்ச ஜூஸ் வாங்கிக் குடுத்துச்சு. வளையல் கிலுகிலுன்னு சத்தம் போட்டுச்சு." நான் வாயைத் திறந்தேன். அத்தா என்னைப் பார்த்தார். நான் மூடிக்கொண்டேன். முதல் தடவை தயக்கத்தில் விட்டேன். அப்புறம் நீ அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே ஆசையாக இருந்தது. உன் கல்யாணத்தன்று ஷமீனாவின் வீட்டாரிடம்கூடச் சொன்னாய், சின்ன வயசில் உனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்த நாள் எது என்றால் அதுதான் என்று. இப்போது என்னை அழைத்தபோதும் அதையே சொன்னாய்: "அம்மா, அந்தப் பார்க்லயும் குட்டி ரயில் இருக்கு. ஹனாவ மடியில வெச்சுக்கிட்டு நீ போகணும். என்னக் கூட்டிட்டுப் போனியே, அதே மாதிரி."

நான் உன்னைக் கூட்டிப்போகவில்லை, கண்ணு. அந்த நேரம் நான் உன் பெயரைக் கத்திக்கொண்டு ஈரத்துணியோடு ஓடிக்கொண்டிருந்தேன். ரயிலில் உன்னை மடியில் வைத்திருந்தது அவள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை உன்னிடம் சொல்லாமலே நான் போய்ச் சேர்ந்திருப்பேன். முடியவில்லை. மறுவருடம் சீசனில் அவள் நம் கடைக்கு வந்தாள். குன்னூரில் ஸ்வெட்டர் கடை என்று பூங்காவில் நீதான் அவளிடம் சொல்லியிருக்கிறாய். அன்று நான் கடையில் இல்லை, அத்தா இருந்தார். ஆறு வயதுப் பையனுக்கு ஒரு ஸ்வெட்டர் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அத்தா அதை அப்போது என்னிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடம் நான் இருந்தேன். படியேறும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் தெருவிலேயே நின்றுகொண்டார்.

"ஏழு வயசுப் பையனுக்குங்க" என்றாள்.

"என்ன நெறத்துல?"

"எதுனாலும் சரிங்க. கழுத்துல குத்தாம இருந்தாச் சரி."

நான் எடுத்துப்போட்டேன். கழுத்துப் பட்டியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். உள்ளே, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நீ விளையாடிக்கொண்டிருந்தாய். அவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பார்க்காமல் போனதுதான் என்னை உலுக்கிவிட்டது.

ஒவ்வொரு சீசனிலும் வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு அளவு கூட. நாம் லூதியானாவிலிருந்து வரவழைத்து விற்கும் அதே ஸ்வெட்டர்தான், திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் கிடைக்கும். அதற்கு மலையேறி வர வேண்டியதில்லை. "இனி வராதீங்கன்னு சொல்லிருங்க" என்று அத்தாவிடம் நான் சண்டை போட்டேன். அவர் சொன்னார், "எப்படிச் சொல்றது? நம்ம புள்ளையக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனவங்க. அப்படியே கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?" அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சீசன் வந்தால் உன்னை மறைத்தேன். மே மாதத்தில் காரணமில்லாமல் உன்னை மாவு மில்லுக்கும் பேக்கரிக்கும் விரட்டுவேனே, "ஏம்மா, இப்பத்தானே போயிட்டு வந்தேன்" என்று சிணுங்குவாயே, அதெல்லாம் அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டுத்தான். ஒரு வருடம் அந்த நீலக் கட்டச் சட்டையை இஸ்திரி போட்டு, ஸ்வெட்டர் பையின் அடியில் வைத்துக் கொடுத்தேன். உன் பொருள் உன்னிடமே வந்துவிட்டது, இனி வராதே என்று சொல்வதற்காகவா, இல்லை அவளுக்கு அது வேண்டியிருக்கும் என்ற இரக்கத்திலா, எனக்கே தெரியவில்லை. அவள் பையைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுவருடமும் வந்தாள்.

நீ கல்லூரிக்குப் போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தாய். நான் மாடியில் தொழுதுவிட்டு இறங்கி வருகிறேன், கல்லாவில் நீ இருக்கிறாய், எதிரே அவள். ஓடிவந்து தடுக்க நினைத்தேன், படியிலேயே நின்றுவிட்டேன்.

"தம்பி, உங்க ஒசரந்தானுங்க எம்பையனும். கொஞ்சம் போட்டுக் காட்டறீங்களா?" என்று கேட்டாள்.

நீ சிரித்துக்கொண்டே ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்டினாய். தோள் தையல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் கையை நீட்டி அதை நேராக்கினாள். உன்னைத் தொட்டது அவ்வளவுதான்.

"பத்துதுங்களா?" என்றாய்.

"நல்லா இருக்குதுங்க சாமி" என்றாள்.

அவள் போனதும் நீ என்னிடம், "பாவம்மா, பையனையும் கூட்டிட்டு வந்திருந்தா சரியாப் பாத்து எடுத்திருக்கலாம்" என்றாய். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். எதற்குப் பற்றவைத்தேன் என்று தெரியாமல் வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அடுத்த சீசனில் பார்த்தேன், அதற்கடுத்த சீசனிலும் பார்த்தேன். வர வேண்டாம் என்று அத்தனை வருடம் நினைத்தவள் நான்தான். ஆனால் மே மாதம் முழுக்க என் கண் தெருமுனையிலேயே இருந்தது. அவள் எப்போதும் கட்டிவரும் மஞ்சள் சேலைபோல ஏதாவது தெரிந்தால் எழுந்து நிற்பேன். உனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஹனா பிறந்தாள், அத்தா போனார். ஆள் இல்லாத கடையில் சில சமயம் வளையல் சத்தம் கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்துக் கடையில் யாரோ ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருடம் சீசன் முடியும் நேரம், அவள் வீட்டுக்காரர் மட்டும் வந்தார். தாடி நரைத்துவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு கட்டைப்பை. முதல் தடவையாகக் கடைக்குள் ஏறினார்.

"பாய் இல்லீங்களா?"

"அவர் போயி மூணு வருசமாச்சுங்க."

"அப்படீங்களா." பைகளைக் கீழே வைத்தார். "எங்க சரசுவும் போயிட்டாளுங்க. போன தையில."

அவள் பெயர் சரசு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காராமல் பைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் நம் கடை ஸ்வெட்டர். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. ஆறு வயதுக்கானது, ஏழு வயதுக்கானது என்று வரிசையாக மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வந்தன. கடைசியில் நீ போட்டுக் காட்டியது. பெருந்துறைப் பக்கம் அவர்களுடைய ஊர், அந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு? பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாளாம். "புதுசுதானுங்க எல்லாம். இங்க ஏதாச்சும் புள்ளைங்களுக்குக் குடுத்துருங்க" என்றார். நான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வளர்ந்ததெல்லாம் அங்கே கிடந்தது. பல் விழுந்த வயது, சைக்கிள் பழகிய வயது, மீசை அரும்பிய வயது. ஒவ்வொன்றிலும் கை இரண்டும் மடிந்து, உள்ளே யாருமில்லாமல்.

தேநீர் போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார். கார்த்தி அவர்களுக்கு ஒரே பையன். பள்ளி விடுமுறை விட்டதும் அந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் தானே தன் பையில் சட்டையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டானாம். இடையில் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் பிள்ளை இல்லை.

"போலாம்னு சொல்லிட்டோமில்லீங்க. அதனால அவன் பையத் தூக்கிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் போனோமுங்க. அங்க உங்க பையன் நனஞ்சுபோயி நடுங்கிக்கிட்டு நின்னான். தல தொவட்டி, இருந்த சட்டயப் போட்டு உட்டோம்." தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "பேரச் சொல்லிக் கூப்புட்டது கேட்டுச்சுங்க. மைக்குல சொன்ன அத்தன தடவயும் கேட்டுச்சு. என் பேரத்தான் கூப்புடறாங்கன்னு அவனே சொன்னான். அவ, இன்னும் ஒரு சுத்து போயிட்டு வந்துர்றோமுங்கன்னு சொல்லிச் சொல்லி அந்த ரயில்லயே உக்காந்துக்கிட்டா. நானும் உட்டுட்டேன். அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க அப்ப."

எத்தனையோ வருடம் யாரையாவது பிடித்து உலுக்கி, நீங்கள் ஏன் அவனை உடனே கொண்டுவரவில்லை என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கேட்காமலே அவர் சொல்லிவிட்டார். "அப்புறம் ஏனுங்க வரல, அந்தக் கடைசி வருசத்துக்கு அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"தம்பி போட்டுக் காட்டுனானில்லீங்க, அன்னிக்குக் கீழ எறங்கற பஸ்ஸுல எந்தோள்ல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டா. ஊரு வந்ததும் எழுந்து, வளந்துட்டானுங்க, இனிப் போக வேண்டாம்னா. அவ்வளவுதானுங்க."

உன் படத்தை போனில் காட்டினேன். நீ, ஷமீனா, பிள்ளைகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உன்னை அவர் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். எழுந்துவிட்டார். "வேண்டாமுங்க. அவனுக்கு என்ன தெரியும். நல்லா இருக்கான்ல, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். பக்கத்துக் கடைப் பையனை விட்டு அவர் நம்பரை மட்டும் வாங்கி வைத்தேன்.

அந்த ஸ்வெட்டர்களை விற்க முடியுமா? ஆனி மழை பிடித்ததும் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினேன். இப்போது பஜாரில் நடக்கும்போது எங்கேயாவது ஒன்று எதிரே வரும். எட்டு வயதுக்கான பச்சை, பதிமூன்று வயதுக்கான மெரூன். ஒரு கணம் நீ வருகிறாய் என்று நினைப்பேன். அடுத்த கணம் அவன் வருகிறான் என்று. பிறகு யாரோ ஒரு பிள்ளை என்னைத் தாண்டிப் போகும். இதற்கு நடுவில்தான் நீ கூப்பிட்டாய், குட்டி ரயில் என்றாய். அதில் நான் ஏறி உட்கார்ந்தால் அவளுடைய இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் வரவில்லை என்றேன்.

உனக்கு என்மேல் கோபம் வரலாம். வரட்டும். ஐந்து வயதில் உன்னை யாரோ மனமார வைத்துக் கொஞ்சினார்கள், அந்த நாள் உனக்குச் சந்தோஷமான நாளாகவே இருந்தது. அது பொய்யாகிவிடவில்லை. ஆள்தான் வேறு. ஷமீனாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

இரண்டு வாரம் யோசித்தேன். நான் வருகிறேன், ரியாஸ். கப்பலிலும் ஏறுகிறேன், பூங்காவில் ஹனாவின் கையையும் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் எனக்காகச் செய். சென்னைக்குப் போகிற சாலை பெருந்துறை வழியாகத்தானே போகிறது. காலையில் இங்கிருந்து கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே இருப்போம். அந்த மனிதருக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளை அவர் வாசலில் கொஞ்ச நேரம் ஓடியாட விட்டால் போதும்.

உன்னைக் கேட்காமல் நேற்று அவருக்கு போன் செய்துவிட்டேன். நாங்கள் ஐந்து பேர் வருகிறோம் என்றேன். யாரென்று முதலில் புரியவில்லை, குன்னூர் ஸ்வெட்டர் கடை என்றேன்.  அப்புறம் கேட்டார், "கொழந்தைங்க காரம் திம்பாங்களாங்க?"

பெரியவள் தின்பாள், சின்னவனுக்கு மட்டும் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா